பதினாலு குருவிக்கு ஒரு வீடு

டாக்டர் அந்தப் பேச்சை எடுத்தபோது ரஹ்மத் பீவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அடுத்து என்ன வரப்போகிறதென்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி அது.

"வீட்டுல பறவை ஏதாச்சும் வளர்க்கறீங்களா?"

"இல்லையே" என்றார் அவள் வீட்டுக்காரர் சுல்தான்.

"பதினாலு" என்றாள் ரஹ்மத் பீவி.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் சுல்தானின் நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தம் அவரைச் சிரிக்க விடவில்லை. "அதுங்க இறகுத் தூசிதான் உங்களுக்கு ஆகலை. குருவி வீட்டுக்குள்ள இருக்கற வரைக்கும் நான் எந்த மருந்து எழுதினாலும் வீண்தான்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் சுல்தான் ஆட்டோக்காரரிடம் நியாயம் கேட்டுக்கொண்டே வந்தார். கொடைக்கானல் பஜாரில் முப்பது வருஷமாகக் கம்பளியும் ஸ்வெட்டரும் விற்கிறவர். இத்தனை வருஷம் கம்பளித் தூசியைத் தின்றே வளர்ந்த நெஞ்சுக்கு, கட்டைவிரல் அளவு குருவியின் தூசி ஆகவில்லையாம். இது எந்த ஊர் வைத்தியம்? ஆட்டோக்காரர் பாவம், "ஆமா பாய், ஆமா பாய்" என்று வீடு இருக்கிற அட்டுவம்பட்டி வரை தலையாட்டிக்கொண்டே வந்தார்.

ரஹ்மத் பீவி வீட்டுக்கு வந்து, கண்ணாடி வராண்டாவில் தொங்கிய கூண்டுகளின் முன்னால் போய் நின்றாள்.

நாலு வருஷம் முன்பு, ஒரே மகள் மிஸ்பா கல்யாணமாகி ஷார்ஜாவுக்குப் போவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, வத்தலக்குண்டிலிருந்து ஒரு ஜோடி ஜீப்ரா ஃபிஞ்ச் குருவி வாங்கி வந்து மாட்டிவிட்டுப் போனாள். சாம்பல் உடம்பு, ஆரஞ்சு மூக்கு, ஆணுக்கு மட்டும் கன்னத்தில் ரூஜ் பூசியதுபோல ஒரு வட்டம். "நான் போனப்புறம் வீடு ஓய்ஞ்சு போயிடும்மா. இதுங்க கத்திக்கிட்டே கிடக்கும்" என்றாள். சொன்னபடியே கத்தின. பொம்மைக் கார் ஹாரன் அடிப்பதுபோல விடிந்ததிலிருந்து பீப் பீப் என்று ஒரே சத்தம். இரண்டு நாலாகி, நாலு பதினாலாகி விட்டது. சுல்தான் காலையில் கடைக்குப் போனால் இருட்டினபிறகுதான் வருவார். அதுவரைக்கும் ரஹ்மத் பீவி அரிசி களைந்தால் அதுகளிடம் சொல்லிக்கொண்டு களைவாள், வெங்காயம் அரிந்தால் அதுகளிடம் புலம்பிக்கொண்டு அரிவாள். பதிலுக்கு அதுகள் பீப் என்னும். அவளுக்கு அது போதும்.

குருவி விற்ற கடைக்காரர் முருகவேலின் நம்பர் போனில் இருந்தது. அவரைக் கூப்பிட்டு, புதன்கிழமை சாமான் ஏற்றிக்கொண்டு மலைக்கு வரும்போது பதினாலையும் எடுத்துப் போய்விடுங்கள் என்று சொல்லிவிட்டாள். குரல் நடுங்காமல் சொன்னதற்காகத் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

அன்று மாலை விஷயத்தைச் சொன்னதும் சுல்தான் டீ டம்ளரை டங்கென்று வைத்தார்.

"யாரைக் கேட்டுச் சொன்ன?"

"உங்க மூச்சைக் கேட்டு."

அவருக்கு இருமல்தான் வந்தது. இருமி முடித்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு, "டாக்டரு வீட்டுக்குள்ள வேண்டாம்னுதான சொன்னாரு? வீட்டுக்கு வெளிய வேண்டாம்னு சொன்னாரா?" என்றார்.

"வெளியவா? கார்த்திகை பாதி போயிருச்சுங்க. மார்கழியில இங்க மனுசனே கம்பளிக்குள்ள இருந்து தலையை நீட்டமாட்டான். அதுங்க வெயில் ஊருக் குருவி."

"நீகூடத்தான் வெயில் ஊரு. பழனியிலருந்து வந்து முப்பது வருஷம் இங்க குப்பை கொட்டலையா?"

சுல்தான் வாயில் நல்ல வார்த்தை வருவது அபூர்வம். வந்தாலும் இப்படித்தான் முள்ளோடு வரும்.

மறுநாள் முருகவேலே கூப்பிட்டார். "வெளியிலயும் இருக்கும் பாயம்மா. எங்கிட்ட வாங்கின ஒருத்தர் ஊட்டியிலயே வெச்சிருக்காரு. ஈரம் ஆகாது, காத்து ஆகாது. குளிரு ஒரேயடியா வராம கொஞ்சங் கொஞ்சமா வந்துச்சுன்னா பழகிக்கும். ஆனா ஒண்ணு. மொத பனி விழுந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்க. தாங்கலேன்னா சொல்லுங்க, அன்னைக்கே வண்டியெடுத்துட்டு வந்துர்றேன்."

ஆக, கெடு வைத்தாயிற்று. முதல் உறைபனி விழுகிற காலையில் பதினாலும் உயிரோடு இருந்தால் இங்கேயே இருக்கும். இல்லையென்றால், மிச்சம் இருப்பது வண்டியேறி வத்தலக்குண்டு போகும்.

வீடு கட்ட சுல்தான் பிடித்து வந்த ஆள் பூம்பாறைக்காரர் பொன்னுவேல். அந்தப் பக்கத்தில் பூண்டுக் கொட்டகை போட அவரை விட்டால் ஆள் கிடையாது என்று பேர் வாங்கியவர். வந்த உடனே அதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். "எங் கொட்டகையில ஆறு மாசம் பூண்டு கெடக்கும் பாயம்மா. ஒரு பல்லு அழுகியிருந்தா எங்கிட்டக் கேளுங்க."

"பூண்டுக்கு ரெக்கை இல்லையே பொன்னுவேலு" என்றாள் ரஹ்மத் பீவி.

"அதுக்குத்தான வலை அடிக்கப் போறோம்!"

வீட்டுக்குப் பின்னால் பேரிக்காய் மரத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்தார்கள். பன்னிரண்டு அடி நீளம், ஆறடி அகலம், ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரம். பொன்னுவேல் வெள்ளனே ஏழு மணி பஸ்ஸில் பூம்பாறையிலிருந்து வந்து இறங்கி, மண்வெட்டி எடுத்தால் மத்தியானம் வரை தலை நிமிரமாட்டார். வேலையில் குறை சொல்ல முடியாது. வாய்தான் ஓயாது.

முதல் நாள் கோழி வலைச் சுருள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரஹ்மத் பீவி அதை விரித்துப் பார்த்து, ஒரு கண்ணிக்குள் கட்டைவிரலை நுழைத்துக் காட்டினாள்.

"பாருங்க, எங் கட்டைவிரல் உள்ள போயிருச்சு. எங் குருவிக் குஞ்சு எங் கட்டைவிரல் தண்டிதான்."

அவர் முகம் சுண்டிப்போய், வலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரை இஞ்சுச் சதுர வலை வாங்கி வந்தார். புது வலையின் பளபளக்கும் துத்தநாகப் பூச்சைக் குருவிகள் கொத்தித் தின்றால் விஷம் என்று முருகவேல் சொல்லியிருந்தார். அதனால் ரஹ்மத் பீவி ஒரு பாட்டில் வினிகரும் பழைய துணியுமாக உட்கார்ந்து வலை முழுக்கத் தேய்த்தாள். பொன்னுவேல் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வலைக்கு ஊறுகாயா போடறீங்க பாயம்மா?" என்றார்.

எலியும் கீரியும் கீழே தோண்டிக்கொண்டு வராமலிருக்க, சுற்றிலும் ஓரடி ஆழம் பள்ளம் பறித்து வலையை மண்ணுக்குள் இறக்கி, மேலே செங்கல் அடுக்கினார்கள். கதவு ஒன்றல்ல, இரண்டு. முதல் கதவைத் திறந்து உள்ளே போய், அதைச் சாத்திவிட்டு, அப்புறம் இரண்டாவது கதவைத் திறக்க வேண்டும். அப்போதுதான் ஒரு குருவி தப்பி வந்தாலும் நடுவில் மாட்டும். "பேங்கு லாக்கருக்குக்கூட இம்புட்டுப் பாதுகாப்பு இல்லை" என்று முனகினாலும் பொன்னுவேல் இரண்டையும் நூல் பிடித்ததுபோல நிறுத்தினார். கூரைக்குத் தகரம், பின்பக்கம் சரிவாக. கிழக்கிலும் மேற்கிலும் விரற்கடை இடைவெளி விட்டு வரிசையாகச் சட்டம் அடித்து, அதற்குமேல் வலை. பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. ரஹ்மத் பீவி மனசுக்குள் மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டாள்.

உள்ளே சாமான் வைப்பது அவள் பொறுப்பு. பொன்னுவேல் பிரியமாக பட்டர் ஃப்ரூட் மரத்துக் கிளைகளைச் சீவி எடுத்துக்கொண்டு வந்தார். அந்த மரத்தின் இலையும் பட்டையும் குருவிக்கு ஆகவே ஆகாது என்று சொல்லி, வாசலோடு திருப்பி அனுப்பினாள். கொய்யாக் கிளைகளைக் கொண்டுவரச் சொல்லி, தடிப்பு ஒன்று, மெல்லிசு ஒன்று என்று இரண்டு கோடியிலும் கட்டினாள். நடுவில் ஒன்றும் வைக்கவில்லை. பறக்க வேண்டாமா? தினைக்கு ஒரு மண் தட்டு, குளிக்க ஒரு அகலத் தட்டு, மூக்கு தேய்க்கக் கடல்நுரை ஓடு, அடைய நாலைந்து தேங்காய்ச் சிரட்டை. ஷார்ஜாவிலிருந்து வீடியோ காலில் பார்த்த மிஸ்பா, "எனக்குக்கூட இப்படி ஒரு வீடு இல்லைம்மா" என்றாள்.

கடைசி நாள் சுல்தான் கடையிலிருந்து ஒரு பை நிறையக் கம்பளி நூல் கொண்டு வந்தார். சிவப்பு, பச்சை, நீலம். எல்லாம் வெட்டி எறிகிற துண்டு.

"சிரட்டைக்குள்ள போடு. மெத்துனு கெடக்கும்."

"ஐயோ, வேண்டாங்க! நூலு கால்ல சுத்திக்கிட்டா தொங்கியே செத்துப்போகும்."

"முப்பது வருஷமா ஊருக்கே குளிருக்குக் கம்பளி விக்கறவன் நான். என் வீட்டுக் குருவிக்கு ஒரு முழம் போடக்கூடாதாக்கும்!"

பையை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். குருவிகளை அவருக்குப் பிடிக்காது என்று நாலு வருஷமாக ஊர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிந்த மனுஷனுக்கு வந்த கோபத்தைப் பாருங்கள்!

மார்கழி பிறக்க நாலைந்து நாள் இருந்தது. நல்ல வெயில் நாளாகப் பார்த்து, ரஹ்மத் பீவி ஒவ்வொரு குருவியாக வெள்ளைத் துணியில் பொதிந்து எடுத்துப் போய் விட்டாள். பதினாலும் ஒரே கிளையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தன. பிறந்ததிலிருந்து இரண்டடிக்கு மேல் பறந்தறியாத ஜீவன்கள், என்ன செய்யும்? அரை மணி நேரம் அசையவில்லை. பிறகு ஒரு ஆண் குருவி தாவி, நடுவில் உட்கார ஒன்றும் இல்லாமல் போகவே, அப்படியே பன்னிரண்டு அடியும் பறந்து எதிர்க் கோடிக் கிளையில் போய் விழுந்தது. விழுந்த இடத்திலேயே திரும்பிப் பார்த்து பீப் என்றது. அவ்வளவுதான், மற்ற எல்லாம் கிளம்பிவிட்டன. ரஹ்மத் பீவி உள்ளேயே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சமையல்கட்டு ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால், கடைக்குப் போகாமல், மாஸ்க் போட்டுக்கொண்டு, சுல்தான் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பியதும் காணாமல் போனார்.

சாயங்காலம் ஆனதும் சந்தோஷம் வடிந்துவிட்டது. குருவிகள் கிளையை விட்டுக் கீழே இறங்கி, தரையில் ஒரு மூலையில், பஞ்சுருண்டைபோல உடம்பை உப்பிக்கொண்டு ஒடுங்கின. கூப்பிட்டால் குரல் இல்லை. அவள் ஒரு சின்னக் கூண்டில் எல்லாவற்றையும் பிடித்துப் போட்டு, சத்தமில்லாமல் வீட்டுக்குள் கொண்டுவந்து ஸ்டோர் ரூமில் வைத்துக் கதவைச் சாத்தினாள். விடிந்ததும் மறுபடி வெளியே. இப்படி மூன்று நாள்.

நாலாம் நாள் காலை சுல்தான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மூச்சுக்கு டாக்டர் கொடுத்த பஃப் மருந்தை இழுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்க்காமலே சொன்னார். "சாயங்காலம் சாயங்காலம் ஸ்டோர் ரூம்ல உனக்கு என்ன சோலின்னு நான் கேக்கலை. எந் நெஞ்சுக்குத் தெரியும்."

அவள் தப்புச் செய்த பிள்ளைபோல முருகவேலுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னால், அவரும் எகிறினார். "உள்ள வெளிய, உள்ள வெளியன்னு இழுத்தீங்கன்னா அதுதான் கொல்லும் பாயம்மா! ஒண்ணு வெளிய விடுங்க, இல்ல எங்கிட்ட விடுங்க. வீடு நல்லாத்தான் கட்டியிருக்கீங்களா? காத்து வருதா?"

காற்றா? மூன்று நாளாக உள்ளே போய் வருகிறவளுக்கு அது தோன்றவே இல்லை. ஸ்வெட்டர், அதற்குமேல் சால்வை, தலையில் முக்காடு. அவளுக்கு எங்கே காற்று தெரியப் போகிறது?

அன்று வெள்ளிக்கிழமை, கடைக்கு லீவு. மாலையில் வழக்கம்போல வீடெல்லாம் சாம்பிராணி காட்டிவிட்டு, கரண்டியும் கையுமாகப் பின்கட்டுக்கு வந்தாள். குருவிகளுக்குப் புகை ஆகாது என்று தள்ளித்தான் நின்றாள். ஆனால் புகை அவள் பேச்சைக் கேட்கவில்லை. மேற்குப் பக்கச் சட்டங்களுக்கு நடுவே புகுந்து, உள்ளே ஒரு இடத்தில்கூட நிற்காமல், நேரே கிழக்குப் பக்கம் வெளியேறிப் போய்க்கொண்டே இருந்தது. நடு ரோட்டில் பஸ் போவதுபோல ஒரே கோடு. கீழே ஒரு மூலையில், கதவுத் தூணுக்கு மறைவில், புகை எட்டாத அந்த ஒரு சாண் இடத்தில் பதினாலு குருவியும் நெருக்கிக்கொண்டு நின்றன. வீட்டிலேயே காற்று வராத இடம் அது ஒன்றுதான். அதுகள் முதல் நாளே கண்டுபிடித்திருந்தன. அவளுக்குத்தான் நாலு நாள் ஆயிற்று.

சாம்பிராணிக் கரண்டியைத் தூரக் கொண்டுபோய் வைத்துவிட்டு, "ஏங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் சுல்தான் தொப்பியில்லாமல் ஓடி வந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் ஆட்டோ பிடித்துக் கடைக்குப் போனார். அரை மணியில் எட்டுக் கம்பளியோடு வந்து இறங்கினார். டூரிஸ்ட்டுகள் வாங்குகிற கம்பளி. ஒவ்வொன்றிலும் வாயைப் பிளந்துகொண்டு ஒரு புலி. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, சுற்றிலும் வலைக்கு வெளிப்பக்கமாக அவரே கட்டினார். உள்ளே நூல் எட்டாது, காற்றும் நுழையாது. அட்டுவம்பட்டியில் அன்று அந்தப் பக்கம் நடந்து போனவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எட்டுப் புலிக்கு நடுவே பதினாலு குருவி!

"அதுங்க பயந்துக்காதா?" என்றாள் ரஹ்மத் பீவி.

"படம் வெளிப்பக்கம் பார்த்திருக்கு. பயந்தா பூனை பயப்படட்டும்" என்றார் சுல்தான்.

காலையில் பொன்னுவேல் வந்தார். புலிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவர், விஷயம் கேட்டுச் சண்டைக்கு நின்றார். "காத்து போகத்தான பாயம்மா கட்டினேன்! மேக்கேருந்து வந்து கெழக்க போகணும். அதுக்காகத்தான ஒவ்வொரு சட்டமா அளந்து அடிச்சேன்! காத்து நின்னா வேர்த்து, பூசணம் பிடிச்சு, முழுக் கொட்டகையும் நாறி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். கொட்டகையைப் பார்த்தார், குருவிகளைப் பார்த்தார். அப்படியே செங்கல் மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடடா. நான் பூண்டுக்குக் கட்டிட்டேன் பாயம்மா."

ரஹ்மத் பீவிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாலு நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு இப்போதுதான் காரணம் கையில் கிடைத்திருக்கிறது. குருவிக்கு நோயில்லை, ஊர்க் குளிர் கொல்லவில்லை. வீட்டில்தான் கோளாறு, அதைப் பலகை வைத்து அடைத்துவிடலாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அடக்க முடியவில்லை. பொன்னுவேலும் வெட்கத்தோடு சிரித்தார். "கைப்பழக்கம் பாயம்மா, என்ன செய்ய!"

அவர் அன்று மத்தியானச் சோறுகூட உண்ணவில்லை. மேற்கு, வடக்கு, தெற்கு மூன்று பக்கமும் பலகையால் இழைத்து இழைத்து அடைத்தார். வெளிச்சம் வரக் கிழக்கு மட்டும் திறப்பு. அதிலும் பாதிக்கு மேல் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ஷீட். கூரைக்கு அடியில், பின்சுவரை ஒட்டி, முன்னால் மட்டும் திறந்த ஒரு பரண். மறுநாள் தன் வீட்டிலிருந்து பூண்டு போட்டு வைக்கிற மூங்கில் கூடை ஒன்றைக் கொண்டுவந்து, காய்ந்த புல்லை உள்ளே திணித்து, வாய் பக்கவாட்டில் வருகிற மாதிரி பரணில் படுக்க வைத்தார்.

"இதுக்கு நாங் கூலி வாங்கமாட்டேன். பூண்டு வாசம்தான் கொஞ்சம் அடிக்கும்."

"அடிக்கட்டும்" என்றாள் ரஹ்மத் பீவி. கிழக்குப் பக்கம் மட்டும் அவிழ்த்துவிட்டு, மற்ற புலிக் கம்பளிகளைப் பலகைக்கு வெளியே அப்படியே விட்டுவிட்டார்கள். சுல்தானுக்கு அவிழ்க்க மனசில்லை.

அன்றிலிருந்து அவள் குருவிகளை உள்ளே கொண்டுவரவில்லை. சாயங்காலமானால் ஒவ்வொன்றாகப் பரணுக்கு ஏறுவதைப் பார்த்துவிட்டு, இரண்டு கதவையும் சாத்தி, பிஸ்மி சொல்லிவிட்டு வந்துவிடுவாள். குளிர் நாளுக்கு நாள் கூடியது. குருவிகள் கத்திக்கொண்டேதான் இருந்தன. ஒவ்வொரு காலையும் அவளுக்குப் பாதி பயம் குறைந்தது. ஆனால் மீதிப் பாதி முதல் பனிக்காகக் காத்துக்கிடந்தது.

தை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது ஒரு நாள் சாயங்காலம் காற்று சட்டென்று நின்றது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. பக்கத்து வீட்டில் சுகன்யா, ரோஜாத் தொட்டிகளைச் சாக்குப் போட்டு மூடிக்கொண்டே, "நாளைக்குக் காலையில வெள்ளையாத்தான் இருக்கும் அக்கா" என்றாள். சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் அது யாருக்கும் தெரியும்.

ரஹ்மத் பீவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்தாள். சுல்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள கொண்டாரணும்னா கொண்டா. ஒரு நாளுதான, நான் கடையில படுத்துக்கறேன்."

அவருக்கு அது விளையாட்டில்லை. சால்வையைக்கூட எடுத்துத் தோளில் போட்டுவிட்டார். கொட்டுகிற குளிரில், தகரக் கதவுக் கடையில், அந்த நெஞ்சோடு! ரஹ்மத் பீவி அந்தச் சால்வையைப் பிடுங்கி ஆணியில் மாட்டினாள்.

"ஒண்ணும் வேண்டாம். அதுங்க வீட்டுல அதுங்க இருக்கட்டும். நம்ம வீட்டுல நாம இருப்போம்."

அவள் முழித்தபோது பாங்கு இன்னும் சொல்லவில்லை. எது தன்னை எழுப்பியது என்று தெரியவில்லை. காது கொடுத்தாள். ஒன்றும் இல்லை. அதுதான், ஒன்றுமே இல்லை! இரண்டு வருஷமாக அவள் பக்கத்தில் விசிலடித்துக்கொண்டிருந்த மூச்சு இல்லை. முன்பெல்லாம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் அவள் தூங்குவாள்.

"யா அல்லாஹ்!"

அவர் முகத்தைத் தடவி, மூக்குக்குக் கீழே விரலை வைத்தாள். சூடாக, சத்தமில்லாமல், நிதானமாக, மூச்சு வந்தது. போனது. வந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பியது.

"உசிரோடதான் இருக்கேன்" என்றார் சுல்தான் கண்ணைத் திறக்காமல். "கையை எடு புள்ள. ஐஸா இருக்கு."

"எப்பருந்துங்க... இந்தச் சத்தம் நின்னுச்சு?"

"அது நின்னு பத்து நாளாச்சு. நீதான் பொழுதன்னைக்கும் குருவி கத்துதான்னு மட்டும் கேட்டுக்கிட்டுக் கெடக்க."

அவள் அவர் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. குருவி, பனி, கெடு ஒன்றும் அந்த நிமிஷம் நினைவில் இல்லை. பாங்கு கேட்டது. அவரே முதுகில் தட்டி, "போய்ப் பாரு. வெடிஞ்சதும் போய்ப் பாரு" என்றார்.

சுபுஹு தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்ததும் பின்கதவைத் திறந்தாள். புல்லெல்லாம் வெள்ளை. பேரிக்காய் மரத்தடி வெள்ளை. புலிகளின் மீசைகூட வெள்ளையாக விறைத்து நின்றது. குருவி வீட்டில் சத்தமே இல்லை.

முதல் கதவு, பிறகு இரண்டாம் கதவு. குருவி வளர்க்கிறவர்கள் முதலில் தரையைத்தான் பார்ப்பார்கள். தரையில் ஒன்றும் கிடக்கவில்லை. தண்ணீர்த் தட்டில் கண்ணாடித் தகடுபோல ஐஸ். கொய்யாக் கிளைகள் இரண்டு கோடியிலும் காலி. சிரட்டைகளும் காலி. பரண் கைக்கு எட்டவில்லை. செங்கல் மேல் ஏறி, பூண்டுக் கூடையின் வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள்.

பூண்டு வாசத்தோடு ஒரு கதகதப்பு முகத்தில் பட்டது. உள்ளே ஒரே சாம்பல் குவியல். அதில் ஒரு ஆரஞ்சு மூக்கு அசைந்து, பீப் என்றது. அப்புறம் எல்லாமே கத்த ஆரம்பித்துவிட்டன. கிழக்கு ஷீட்டில் வெயில் பட்டதும் ஒவ்வொன்றாக வெளியே வந்து கிளைக்குத் தாவின. எண்ணிக்கொண்டே வந்தாள். பதிமூன்று. திரும்ப எண்ணினாள். பதிமூன்றுதான். மறுபடி செங்கல் மேல் ஏறி, கூடைக்குள் கையை விட்டாள். மிஸ்பா வாங்கி வந்த முதல் பெட்டை, அடிப் புல்லில் சுகமாகப் படுத்திருந்தது. கை பட்டதும் சுள்ளென்று விரலைக் கொத்திவிட்டு, கோபமாகக் கத்திக்கொண்டே பறந்து போனது.

அங்கேயே நின்று முருகவேலுக்குப் போன் போட்டாள். "பனி விழுந்திருச்சுங்க. பதினாலும் இருக்கு. நீங்க வர வேண்டாம்."

"சந்தோஷம் பாயம்மா. நான் எங்க வரப் போறேன்? வரக்கூடாதுன்னு உங்க வீட்டுக்காரர் அன்னைக்கே சொல்லிட்டாரே!"

"என்னைக்கு?"

"நீங்க எனக்கு மொதல்ல போன் போட்டீங்களே, அன்னைக்குச் சாயங்காலமே. 'அவ எடுத்துட்டுப் போன்னு சொன்னாலும் வராதீங்க. இந்தக் குருவிக்குக் குளிரு தாங்கலேன்னா தாங்கற குருவியா வேற கொண்டாங்க. நான் கடைக்குப் போயிட்டா அவளுக்குப் பேச ஆளு இல்லை'ன்னாரு. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு வேற சொன்னாரு. பாருங்க, சொல்லிட்டேன்."

அவள் போனை மடியில் செருகிக்கொண்டு நிமிர்ந்தாள். சமையல்கட்டு ஜன்னலில், கண்ணாடிக்குப் பின்னால், மாஸ்க்கும் குரங்குக் குல்லாவுமாக சுல்தான். கையைத் திருப்பி, எத்தனை என்று கேட்டார்.

அவள் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள். பிறகு நாலு விரல்.

அவர் மறுபடி ஒரு தடவை காட்டச் சொன்னார். காட்டினாள். குல்லாவைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு, ஜன்னலைத் துளியூண்டு திறந்து கத்தினார்.

"சரி சரி, அதுங்க கெடக்கட்டும். வெரசா வந்து எனக்கு டீயைப் போடு."

"வர்றேங்க" என்றாள் ரஹ்மத் பீவி, இரண்டு கதவையும் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே.